வெட்டியவர் யார், நட்டவர் யார்?

மாத்தளை நகரிலிருந்து சில மைல் தொலைவிலுள்ள ஒரு தோட்டத்தின் லயத்து வாசலில் கேட்ட கேள்வியொன்று பல மாதங்களாக என்னை விடாது தொடர்ந்து வருகிறது. அதே லயத்தில் பிறந்து வளர்ந்து, இன்று பாடசாலை ஆசிரியராயிருக்கும் இளைஞர் ஒருவர், சகாக்கள் சிலருடன் புத்தளம் களப்புக்குச் சென்று, இரண்டு நாட்கள் சேற்றில் இறங்கிக் கண்டல் நாற்று நட்டுத் திரும்பியிருந்தார். கைத்தொலைபேசியில் படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினார். தொடையளவு சேற்றில் நிற்கும் பெண்கள். வரிசை வரிசையாகக் குத்தி நிறுத்திய பச்சைக் குச்சிகள். அவற்றுக்கு அப்பால் வெறிச்சோடிக் கிடக்கும் உப்புத் தரை. ஆசிரியரின் அம்மாயி, ஆயுள் முழுவதும் கொழுந்து பறித்து முதுகு கூனியவர், படத்தைக் கண்ணருகே பிடித்துப் பார்த்தார்.

"ஏய்யா, முந்தி அங்க காடு இருந்துச்சா?"

"இருந்துச்சு அம்மாயி. வெட்டிட்டாங்க."

"வெட்டுனவன் எங்க?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். ஆசிரியரும் சிரித்தார். ஆனால் விடை சொல்லவில்லை. அறம் பற்றி இரண்டாயிரம் ஆண்டுகளாக எழுதிக் குவித்த ஓர் இனத்தின் பிள்ளைகள் நாம். எழுத்தறியாத ஒரு மூதாட்டி இரண்டே சொல்லில் கேட்ட அறக் கேள்விக்கு எங்களில் எவரிடமும் விடை இருக்கவில்லை என்பதே உண்மை.

கடலே இல்லாத மாத்தளையில் இருந்துகொண்டு கண்டற் காட்டைப்பற்றிக் கவலைப்படுவானேன் என்று வாசகர்கள் கேட்கலாம். நீர் போகும் வழியைப் பார்த்தவர்கள் கேட்க மாட்டார்கள். மாத்தளை நகரின் ஓரமாக ஓடும் சுது கங்கை அம்பன் கங்கையிற் சேர்கிறது. அது மகாவலியிற் கலந்து, மூதூருக்கு அருகே கொட்டியாரக் குடாவிற் கடலை அடைகிறது. அங்கே கண்டற் காடு உண்டு. இது இயற்கை வகுத்த வழி. மனிதன் வகுத்த வழி மற்றொன்று. 1976ஆம் ஆண்டு பொல்கொல்லையில் மகாவலியை மறித்து, மலையைக் குடைந்து, சுமார் எட்டுக் கிலோமீற்றர் நீளமான சுரங்கத்தால் உக்குவளைக்கு நீரைக் கொண்டுவந்தார்கள். அந்த நீர் சுது கங்கையில் விழுந்து போவத்தென்ன நீர்த்தேக்கத்தை அடைகிறது; அங்கிருந்து ஒரு பகுதி மறுபடியும் சுரங்கத்தில் நுழைந்து, தம்புள்ளைப் பக்கம் வெளிப்பட்டு, தாதுசேனன் கட்டிய கலா வாவிக்குப் போகிறது. வாவிக்குக் கீழே கலா ஓயா. அது வில்பத்துக் காட்டின் ஓரமாக இறங்கிப் புத்தளம் களப்பின் வடபாகத்தில் முடிகிறது. அந்த முகத்துவாரத்தில், கங்கேவாடிய என்னும் சிறு மீனவக் கிராமத்தருகே, இத்தீவில் எஞ்சியிருக்கும் பெரிய கண்டற் காடுகளுள் ஒன்று நிற்கிறது.

ஆகவே, எங்கள் மாவட்டத்தில் ஒருவன் கைகழுவினால் அந்த நீர் இரண்டு கடல்களுக்குப் போகிறது. கைகழுவுதல் என்ற சொல்லை இரண்டு பொருளிலும்தான் எழுதுகிறேன்.

கண்டலை நேரிற் கண்டறியாதவர்களுக்காகச் சில வார்த்தைகள். கடலும் நிலமும் ஒன்றையொன்று விட்டுக்கொடுக்காமல் நாளுக்கு இருமுறை வழக்காடும் சேற்று எல்லையில் வாழும் மரங்கள் இவை. எந்த மரமும் செத்துப்போகும் உப்பில் இவை உயிர் தரிக்கின்றன. கண்டல் தன் தண்டிலிருந்து வளைந்திறங்கும் வேர்களைப் பல கால்களாக ஊன்றிக்கொண்டு நிற்கும். வெண்கண்டல் மூச்சுவிடுவதற்கென்றே சேற்றிலிருந்து விரற்கடை விரற்கடையாக வேர்களை மேலே நீட்டும். உறிஞ்சிய உப்பை இலைவழியே கக்கும். தில்லையின் பால் கண்ணிற் பட்டால் பார்வை கெடும்; ஆயினும் அந்த மரத்தின் பெயரையே சிதம்பரம் என்னும் தலம் ஒரு காலத்திற் பூண்டிருந்தது. எல்லாவற்றிலும் வியப்பானது கண்டலின் பிள்ளைப்பேறு. அதன் வித்து தாய்மரத்திலேயே முளைத்துவிடும். பச்சை முருங்கைக்காய்போல் நீண்டு தொங்கி, பருவம் வந்ததும் கழன்று விழும். சேறு வாய்த்தால் அங்கேயே ஊன்றிக்கொள்ளும். வாய்க்காவிட்டால் மிதந்து, தனக்கு ஏற்ற கரை வரும்வரை காத்திருக்கும். பிறந்த நிலத்தைவிட்டு நீரில் மிதந்து, கிடைத்த சேற்றில் வேரூன்றிய ஒரு மக்கட்கூட்டத்துக்கு இதில் விளக்கம் வேண்டியதில்லை.

இந்த வேர்க் கூடைக்குள்தான் இறாலும் நண்டும் மீனும் தம் குஞ்சுப் பருவத்தைக் கழிக்கின்றன. புயலலையின் வேகம் இங்கே தணிகிறது. ஆறு கொண்டுவரும் வண்டல் இங்கே படிகிறது. காற்றிலுள்ள கரியை மரம் உண்டு சேற்றிற் புதைக்கிறது. களப்பில் வலைவீசும் ஏழைக்கு அது விறகுக் காடும், மீன் மடுவும், புயலிற் சுவருமாகும். உண்மையில் அது அவனுடைய சேமிப்பு வங்கி. அதற்குக் காணி உறுதி இல்லை. உறுதி இல்லாத சொத்து எளிதிற் கைமாறும்.

1980ஆம் ஆண்டுகளில் அது கைமாறத் தொடங்கிற்று. வெளிநாட்டுச் சந்தையில் இறாலுக்குப் பெருவிலை கிடைத்தது. சிலாபத்திலிருந்து புத்தளம்வரை, ஒல்லாந்தர் கால்வாயின் இருமருங்கிலும், களப்பு ஓரங்களிலும் கண்டலை வெட்டி, சேற்றைத் தோண்டிக் குளங்கள் அமைத்தார்கள். ஏற்றுமதி வளருகிறது என்று ஆட்சியாளர் மகிழ்ந்தார்கள். ஒரு குளத்தின் கழிவுநீர் கால்வாயில் விழ, அதே கால்வாயிலிருந்து அடுத்த குளத்துக்கு நீர் இறைத்தார்கள். ஒருவன் துப்பியதை அடுத்தவன் குடிக்கும் இந்த ஏற்பாட்டில் நோய் பரவ நெடுங்காலம் பிடிக்கவில்லை. 1996ஆம் ஆண்டு வெண்புள்ளி நோய் வந்து குளம் குளமாக இறாலைக் கொன்றது. பணம் படைத்தவர்கள் பெரும்பாலும் வேறு தொழிலுக்குப் போனார்கள். குளங்கள் கிடந்தன. காற்றுப்படாமல் ஆழத்திற் கிடந்த கண்டற் சேற்றைக் கிளறி வெயிலிற் போட்டால் அது அமிலமாக மாறும். வரம்பு கட்டி அலையைத் தடுத்துவிட்டதால், மரத்தின் வித்து வந்து சேரவும் வழியில்லை. காடுமில்லை, வயலுமில்லை, குளமுமில்லை என்ற நிலத்தை அவர்கள் விட்டுச் சென்றார்கள்.

அங்கே மண்வெட்டி பிடித்தவர்கள் யார்? அயற் கிராமத்து ஏழைகள். வலையில் மீன் குறைந்த காலத்தில் நாட்கூலி கிடைத்ததென்று போனவர்கள். தங்கள் மீன் மடுவைத் தாங்களே தூர்த்தார்கள். இதைத்தான் அம்மாயியின் கேள்விக்குள் இருக்கும் முள் என்று நான் கருதுகிறேன். "வெட்டுனவன் எங்க?" என்றால், கோடரி பிடித்தவனும் அங்கேதான் இருக்கிறான், நாற்று நடும் வரிசையிலும் அவனே, அல்லது அவன் மனைவியே நிற்கிறாள். ஓடிப்போனவன் வெட்டுவித்தவன். நமது மொழியில் வெட்டினான், வெட்டுவித்தான் என்று தன்வினைக்கும் பிறவினைக்கும் ஓர் எழுத்துச் சேர்க்கைதான் வேறுபாடு. நீதியின் இலக்கணத்தில் அந்த வேறுபாடு மலைக்கும் மடுவுக்கும் உள்ளது.

இவ்விடத்தில் எங்கள் சொந்தக் கதையை ஒளிப்பது நேர்மையாகாது. மாத்தளை மலைகளிற் காடு இருந்தது. 1840ஆம் ஆண்டுச் சட்டம், உறுதி காட்டமுடியாத காட்டு நிலமெல்லாம் முடிக்குரியது என்றது. முடி அதைக் கோப்பித் துரைமார்க்கு விற்றது. தமிழகத்திலிருந்து வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கினார்கள். வழிநெடுகக் கொள்ளைநோய்க்கும் பட்டினிக்கும் உறவினரைப் பறிகொடுத்துக்கொண்டு, தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு நடந்து வந்தார்கள். காட்டை அழித்த வேலையில் அயற் கிராமத்துச் சிங்களக் கூலிகளுக்குப் பெரும் பங்கு உண்டு. எங்கள் பாட்டன்மாருக்கும் பங்கு உண்டு. 1869இல் இலைநோய் தோன்றிக் கோப்பி அழிந்தது. துரைமார் சிலர் நொடித்தார்கள். சிலர் தேயிலைக்கு மாறினார்கள். உழைத்தவர்கள் லயத்திலேயே இருந்தார்கள். 1948ஆம் ஆண்டு அவர்களிற் பெரும்பாலோர் இந்நாட்டின் பிரஜைகளே அல்லர் என்று சட்டம் வந்தது. காட்டை வெட்டியவனுக்கு அந்த மண்ணில் ஒரு பேர்ச் நிலமும் இல்லை. ஆனால் மலை சரிந்தால் மண்ணுக்குள் போகிறவன் அவனே. ஏற்றுமதிப் பயிர், அதற்காக விழும் காடு, பயிருக்கு வரும் நோய், பறந்துபோகும் முதல், கிடந்துபோகும் கூலி: மலையில் கோப்பிக்கு நேர்ந்த அதே கதை நூறாண்டு கழித்துக் களப்பில் இறாலுக்கு நேர்ந்தது.

அப்படியானால் கூலிக்கு வெட்டியவனுக்குப் பொறுப்பே இல்லையா? இல்லை என்று சொல்வது முற்போக்காளராகிய நமக்கு எளிது. ஆனால் அதில் ஓர் அவமதிப்பு ஒளிந்திருக்கிறது. கோடரிக்குப் பொறுப்பில்லை, மனிதனுக்கு இல்லையென்றால் அவனையும் கோடரியோடு சேர்த்துவிட்டோம் என்று பொருள். உலை வைக்க அரிசியில்லாத நாளில் ஒருவன் செய்ததை, வயிறு நிறைந்த ஒருவன் இலாபக் கணக்குப் பார்த்துச் செய்ததோடு ஒரே தராசில் நிறுக்கலாகாது என்பது சரி. ஆயினும், தான் வெட்டிய இடத்தைக் கண்டு ஒரு கிழவன் வருந்துவானானால், அந்த வருத்தத்தை அவனிடமிருந்து பறித்துவிட நமக்கு உரிமையில்லை. அந்த வருத்தமே அவன் மனிதன் என்பதற்குச் சாட்சி. அவனுக்கு வருத்தம் இருக்கலாம், கடன் இல்லை. கடன் இலாபத்தைத் தொடர்ந்து போகவேண்டும்.

விதைத்தவனே அறுப்பான் என்று பழமொழி சொல்கிறது. களப்பில் விதைத்தவன் ஒருவன், அறுப்பவன் வேறொருவன். ஊழ் என்று இதற்குப் பெயர் வைத்து அமைதி பெறும் பழக்கம் நம்மிடையே நீண்டகாலமாக உண்டு. ஊழுக்கு முகவரி கிடையாது, கம்பனிக்கு உண்டு. 1992இல் ரியோ மாநகரிற் கூடிய உலக நாடுகளின் மகாநாடு, மாசுபடுத்தியவனே செலவை ஏற்கவேண்டுமென்ற நெறியைத் தன் பிரகடனத்திற் சேர்த்தது. சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் கலந்த வழக்கில், 2019ஆம் ஆண்டு இலங்கை உயர் நீதிமன்றம் அந்த நெறியை ஏற்று நட்டஈடு விதித்தது. முகவரி தேடினால் கிடைக்கும் என்பதற்கு இது போதும்.

தவறான முகவரிக்கும் குற்றப்பத்திரம் அனுப்பலாம் என்பதற்கும் உதாரணம் உண்டு. சிதம்பரத்தையடுத்த பிச்சாவரத்தில் அலையாத்திக் காடு பட்டுப்போனபோது, விறகு வெட்டும் ஏழைகளும் அவர்களுடைய மாடுகளுமே காரணம் என்று நெடுங்காலம் சொல்லப்பட்டது. 1990ஆம் ஆண்டுகளில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் அந்நிலத்தை ஆராய்ந்தபோது வேறு உண்மை வெளிப்பட்டது. வெள்ளையர் காலத்தில் வகுத்து, பின்னரும் தொடர்ந்த முறைப்படி, வருமானத்துக்காகக் காட்டைக் கூறு கூறாக முழுதும் வெட்டியிருக்கிறார்கள். நிழல் போனதும் சேறு வெயிலிற் காய்ந்து, நடுப்பகுதி தொட்டிபோல் தாழ்ந்துவிட்டது. ஓதத்தில் உள்ளே வந்த நீர் வெளியேறாமல் தேங்கி, ஆவியாகி, உப்பு ஏறி, எந்த வித்தும் முளைக்காத நிலமாயிற்று. மீன் முள்போல் கிளைவிடும் வாய்க்கால்களை ஊரவருடன் சேர்ந்து வெட்டி நீரை வந்துபோக விட்டதும், பட்ட நிலத்தில் மரம் மீண்டும் நின்றது. குற்றவாளி மாட்டுக்காரன் என்று நம்பியிருந்தால், வேலியடைத்து அவனை விரட்டியிருப்பார்கள். நீரோ தேங்கியபடியே கிடந்திருக்கும். யார் செய்தது என்ற கேள்வி பழிவாங்கும் ஆசையிற் பிறந்ததன்று என்பதை இது காட்டுகிறது. அந்தக் கேள்விக்குச் சரியான விடை தெரியாமல் சரியான மருந்தும் தெரியவராது.

இனி இலங்கைக்கு வருவோம். 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின் நம் கரையெங்கும் கண்டல் நடும் ஆர்வம் பொங்கிற்று. உலகெங்குமிருந்து பணம் வந்தது. பாடசாலைப் பிள்ளைகளும் போர்வீரர்களும் பிரமுகர்களும் நட்டார்கள். இலங்கை, பெல்ஜியம் நாடுகளின் ஆய்வாளர்கள் பின்னர் அவ்விடங்களுக்குப் போய்ப் பார்த்து 2017இல் முடிவை வெளியிட்டார்கள். 23 இடங்களில், ஆயிரத்திலிருந்து ஆயிரத்திருநூறு ஹெக்டெயர் வரையான பரப்பில் நடப்பட்டிருந்தது. ஏறத்தாழ இருநூறு ஹெக்டெயர்தான் தேறியது. ஒன்பது இடங்களில் ஒரு கன்றுகூட உயிரோடில்லை. கண்டல் வளரவே முடியாத தாழ்ந்த சேற்றில் நட்டிருக்கிறார்கள். முருங்கைக்காய்போன்ற வித்தைக் குத்திவிடுவது எளிதென்பதால், இடம் எதுவாயினும் ஒரே இனத்தையே நட்டிருக்கிறார்கள். நட்டபின் திரும்பிப் பார்த்தவர்கள் குறைவு. நட்ட எண்ணிக்கைக்கு அறிக்கையில் இடமிருந்தது. பிழைத்த எண்ணிக்கைக்கு இருக்கவில்லை.

இதைப் படித்தபோது எனக்குக் கோபத்தைவிட வெட்கமே மிகுந்தது. நற்செயல் செய்தோம் என்ற திருப்தி, செயல் பலித்ததா என்ற விசாரணையை எவ்வளவு எளிதில் விழுங்கிவிடுகிறது! தானம் கொடுத்தவன் பெயரைக் கல்லிற் பொறித்துவிட்டுக் கிணற்றைத் தூர்வாராமல் விடும் பழக்கம் நம் கோயில்களிலும் உண்டு. நிழற்படம் நம் காலத்துக் கல்வெட்டு. எங்கள் ஆசிரியரின் படங்களையும் இந்தச் சந்தேகத்தோடுதான் நான் மறுமுறை பார்த்தேன். அவரிடம் கேட்டேன், நட்ட இடத்துக்கு ஓதநீர் வந்துபோகிறதா என்று தமக்குத் தெரியாதென்று ஒப்புக்கொண்டார். அந்த ஒப்புதலுக்காக அவரை மதிக்கிறேன்.

நல்ல பக்கத்தையும் சொல்லவேண்டும். 2015ஆம் ஆண்டு, நாட்டிலுள்ள கண்டற் காடுகள் முழுவதையும் காப்பதென்று அரசும், சிலாபத்தைத் தளமாகக் கொண்ட சுதீச என்ற மீனவர் அமைப்பும், அமெரிக்காவின் சீகொலஜி என்ற நிறுவனமும் கூடி ஒரு திட்டம் அறிவித்தன. கரையோரத்துப் பெண்கள் 15,000 பேருக்குத் தொழிற்பயிற்சியும் சிறுகடனும் கொடுப்பது. அவர்கள் தத்தம் ஊர்க் கண்டலை வெட்டாமலும் வெட்டவிடாமலும் காப்பது. இதுவே ஒப்பந்தம். 2016இல் பம்பல என்னும் ஊரில் கண்டலுக்கென்றே ஓர் அரும்பொருட்சாலையும் திறந்தார்கள். ஆனைவிழுந்தானில், கைவிட்ட இறாற் குளங்கள் கிடந்த சரணாலயத்தில், வனசீவராசிகள் திணைக்களமும் வயம்பப் பல்கலைக்கழகத்தாரும் முதலில் நாற்றைத் தேடவில்லை. நீர் பழையபடி வந்துபோக வழி செய்து, இயற்கை தானே முளைப்பதற்குத் துணைநின்றார்கள். 2024ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் சபை இலங்கையின் கண்டல் மீட்பு முயற்சியை உலகுக்கே முன்மாதிரியான புனரமைப்புகளுள் ஒன்றென அறிவித்தது. 2030க்குள் பத்தாயிரம் ஹெக்டெயரை மீட்பது குறிக்கோள். தவறிலிருந்து பாடம் கற்ற ஒரு நாட்டுக்கு அந்தப் புகழ் தகும்.

ஆயினும் அந்த ஒப்பந்தத்தில் என் மனம் ஓரிடத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறது. காட்டை அழித்து இலாபம் கண்டவன் சமுதாயத்துக்குக் கடனாளி. அவன் கணக்கில் எதுவும் எழுதப்படவில்லை. காட்டைக் காக்கப் புறப்பட்ட பெண்ணோ உண்மையாகவே கடன் வாங்கி, வட்டியோடு கட்டுகிறாள். அந்தச் சிறுகடனால் பல வீடுகளில் அடுப்பு எரிந்திருக்கும். அதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் கடன்பட்டவன் கடனில்லாமலும், கடன்படாதவள் கடனோடும் நிற்கும் காட்சியைச் சமூக முயற்சி என்று பெயரிட்டு அழைக்கும்போது, அந்தச் சொல்லுக்குள் யார் யாரை அடைத்திருக்கிறோம் என்று பார்க்கவேண்டாமா? புத்தளக் கரையில் சமூகம் என்பது ஒரு முகமன்று. தலைமுறை தலைமுறையாக வலைவீசும் சிங்களக் கத்தோலிக்கர் உண்டு, தமிழர் உண்டு, முஸ்லிம்கள் உண்டு. 1990இல் வடக்கிலிருந்து விரட்டப்பட்டு, கைப்பையோடு வந்து குடியேறிய முஸ்லிம் குடும்பங்களும் உண்டு. தாம் வெட்டாத காட்டை நடுவதற்கு, தமக்கு உரிமையில்லாத நிலத்தில் அவர்களும் இறங்குகிறார்கள். இறாற் குளத்துச் சொந்தக்காரரை மட்டும் அந்தச் சமூகத்தில் யாரும் தேடுவதில்லை.

அன்று லயத்து வாசலில் அம்மாயி இன்னொன்றும் கேட்டார். "அங்க நடுற பொம்பளைங்களுக்குப் பேர் போடுறாங்களா? முழுப்பேரா, அரைப்பேரா?" தோட்டத்து வாழ்வை அறியாதவர்களுக்கு இது விளங்காது. நிறுவை குறைந்தால் கணக்கப்பிள்ளை அரைப்பேர் போடுவார். அன்று அரைநாட் கூலி. நாள் முழுவதும் மலையில் நின்றவள் பாதி மனுஷியாக வீடு திரும்புவாள். கூலிக் கணக்கையும் மனிதக் கணக்கையும் ஒரே சொல்லில் அடக்கிவிட்ட இந்தப் பிரயோகத்தைப்போல் கூர்மையான அறச் சொல்லை நான் எந்த நீதிநூலிலும் கண்டதில்லை. களப்பில் சேற்றிலிறங்கும் பெண்ணுக்குத் தொண்டர் என்று பட்டம் தருகிறோம். நட்டு வளர்ந்த காட்டில் நண்டு பிடிக்க, தேன் எடுக்க, காய்ந்த விறகு பொறுக்க அவளுக்கு உரிமை உண்டா? நாளை அந்தக் காடு சேமித்த கரியை ஒரு வெளிநாட்டுக் கம்பனி விலைக்கு வாங்கித் தன் புகைபோக்கியின் பாவத்தைக் கழுவிக்கொள்ளுமானால், அந்தப் பேரப் பத்திரத்தில் அவள் கையெழுத்துக்கு இடமுண்டா? காட்டருகே ஒரு விடுதி கட்ட அனுமதி கேட்டு வருபவன் அவளைக் கேட்பானா, கச்சேரியை மட்டும் கேட்பானா? இல்லையென்றால் அவளுக்கு விழுந்திருப்பது அரைப்பேர்.

கெட்டதைச் செப்பனிடுவதைப் பிராயச்சித்தம் என்று எண்ணும்வரை இந்தத் தவறு நீங்காது. பாவம் செய்யாதவளைப் பிராயச்சித்தம் செய்யச் சொல்லிவிட்டு, அவளுடைய தியாகத்தைப் புகழ்கிறோம். செப்பனிடுதல் உழைப்பு. வேறெந்த உழைப்பையும்போல அதுவும் தன் பயன்மேல் உரிமையைக் கோரும். வெட்டுவித்தவன் தீர்க்கவேண்டிய கடன் ஒரு கணக்கு. நட்டவள் பெறவேண்டிய உரிமை மற்றொரு கணக்கு. ஒன்றைக் காட்டி மற்றொன்றை அடித்துவிடக் கூடாது. அவள் நட்டுவிட்டாள் என்பதற்காக அவன் கடன் தீர்ந்ததாகாது. அவன் பணம் கொடுத்துவிட்டான் என்பதற்காகக் காடு அவனுடையதாகிவிடாது.

"நீதி கிடைக்கும்வரை சேறு காத்திருக்குமா? குற்றவாளியைத் தேடிக்கொண்டிருந்தால் காடு எப்போது வளரும்?" என்று களத்தில் நிற்பவர்கள் என்னைக் கேட்கலாம். இதற்கு என்னிடம் முழு மறுப்பு இல்லை. 2021ஆம் ஆண்டு மே மாதம் கொழும்புக்கு அப்பால் எக்ஸ்பிரஸ் பேர்ள் என்ற கப்பல் தீப்பற்றி எரிந்தபோது, கோடானுகோடி பிளாஸ்ரிக் மணிகள் கரையெங்கும் ஒதுங்கின. நீர்கொழும்புக் களப்பின் கண்டல் வேர்களுக்கிடையிலும் அவை போய்ச் சிக்கின. வழக்கு முடியட்டும் என்று எவரும் காத்திருக்கவில்லை. சல்லடை கொண்டு மணலைச் சலித்தும், கையால் ஒவ்வொன்றாகப் பொறுக்கியும் கரையோரத்து மக்கள் வேலை செய்தார்கள். கப்பற் சொந்தக்காரர்மீது நூறு கோடி டொலர் நட்டஈடு விதித்து உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2025 ஜூலையில். இடையில் நான்கு ஆண்டுகள். பொறுக்கிய கை பொறுக்கியது சரி. வழக்காடிய வாய் வழக்காடியதும் சரி. பொறுக்கியாயிற்றே, இனி வழக்கு எதற்கு என்று யாராவது கேட்டிருந்தால் அந்தத் தீர்ப்பு வந்திராது.

மற்றவர்களின் கடனைப்பற்றி இவ்வளவு எழுதியபின் மாத்தளையின் கடனை எழுதாமல் விட்டால் அம்மாயி என்னையும் சிரித்துவிடுவார். தம்புள்ளைச் சுற்றுவட்டார மரக்கறித் தோட்டங்களில் தெளிக்கும் மருந்தும் தூவும் உரமும் முதல் மழையோடு ஓடையில் இறங்குகின்றன. 1999இல் தம்புள்ளையில் விசேட பொருளாதார மத்திய நிலையம் அமைந்தபின், நாடு முழுவதற்கும் அங்கிருந்து லொறிகள் புறப்படுகின்றன. மரக்கறிக்குக் கொழும்பில் விலை சொல்கிறார்கள், ஓடைக்கு யாரும் விலை சொல்வதில்லை. நகரத்துக் குப்பை சுது கங்கைக் கரையில் கிடப்பதைப் பாலத்தின்மேல் போகும் எவரும் காணலாம். நானும் அந்தப் பாலத்தின்மேல் பலமுறை போனவன். இங்கேயும் கணக்கு ஒரே அளவானதன்று: கடன்பட்டு வெங்காயம் நடும் விவசாயியும், அவனுக்கு மருந்தை விற்பவனும், அளவுக்குமேல் அடி என்று ஆலோசனை சொல்பவனும் ஒரே வரிசையில் நிற்கமாட்டார்கள். ஆனால் கலா ஓயாவின் முகத்துவாரத்தில் நிற்கும் மரத்துக்கு அந்த வேறுபாடு தெரியாது. அதற்குத் தெரிந்தது வந்து சேரும் நீர் ஒன்றே.

அண்மையில் அந்த ஆசிரியர் தம் மாணவர் சிலரை அழைத்துக்கொண்டு போவத்தென்ன நீர்த்தேக்கத்துக்குப் போனார். நானும் உடன் போயிருந்தேன். நாற்றுக் கட்டு எதுவும் இம்முறை அவர் கையில் இல்லை. நீர் எங்கிருந்து எங்கே போகிறதென்று பிள்ளைகள் முதலிற் பார்க்கட்டும் என்றார். அணைக்கட்டின் ஓரத்தில் பசளைப் பையொன்று மிதந்துகொண்டிருந்தது. அது கொட்டியாரத்துக்குப் போகுமா, புத்தளத்துக்குப் போகுமா என்று ஒரு சிறுமி கேட்டாள். ஆசிரியருக்குத் தெரியவில்லை, அங்கு நின்ற காவலாளியிடம் விசாரித்தார். அவர் சிங்களத்திற் சொன்ன பதிலை ஆசிரியர் பிள்ளைகளுக்குத் தமிழிற் சொன்னார்: எந்தக் கதவைத் திறக்கிறார்களோ அந்தப் பக்கம் போகும். பிள்ளைகளில் ஒருவன் கீழே இறங்கி, நீண்ட கம்பொன்றால் அந்தப் பையைக் கரைக்கு இழுக்கத் தொடங்கினான். "யார் திறக்கிறது, சேர்?" என்று சிறுமி மறுபடியும் கேட்டாள்.